அம்மா சாகாத படம்

என் அண்ணிக்கு, நிறைய அன்போடும் அதைவிடக் கொஞ்சம் அதிகமான எரிச்சலோடும்,

எரிச்சல் உங்கள் மேல் இல்லை. சினிமா எடுப்பவர்கள் மேல். இந்தச் சில மாதங்களாக நான் பார்த்த படங்களைப் பற்றி யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னால் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்கிறார். பள்ளிக்கூட ஆபீசில் சொன்னால், மேடம் வாரா வாரம் சினிமாவுக்குப் போகிறார் என்று சிரிக்கிறார்கள். படம் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுவதற்கு எனக்கிருந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் பேச்சு சத்தமே இல்லை. அண்ணன் காலையில் பஸ்ஸை எடுத்தால் ராத்திரிதான் வருகிறார். உங்கள் மகள் யாழினி ரயிலேறி சிதம்பரத்துக்குப் படிக்க வருகிறாள், திரும்பிப் போகிறாள், சமைக்கிறாள், துணி மடிக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். அழுவதுகூட இல்லை அண்ணி. காரியம் முடிந்த அன்று கண்ணைத் துடைத்தவள், அப்புறம் ஒரு சொட்டு விடவில்லை. உங்களோடு உட்கார்ந்து திரையில் இருக்கிற கதாநாயகியைப் பார்த்து "அவன நம்பாதடி" என்று கத்திய பெண்ணா இவள் என்று எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாடும் குறைந்துவிட்டது. சுடிதாரெல்லாம் தோளில் தொங்குகிறது.

தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, வருஷம் திரும்பும்வரை வீட்டில் ஒரு இனிப்புகூடச் செய்யக்கூடாது என்று வடலூர் சித்தி ஆர்டர் போட்டிருந்தார். அண்ணன்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், பிள்ளையை ஒரு சினிமாவுக்காவது கூட்டிப்போகலாம், சிரிப்புப் படமாகப் பார்த்துக் கூட்டிப்போனால் கொஞ்சம் தெளிவாள் என்றார். எனக்கும் சரி என்று பட்டது. கடலூரில் நாங்கள் மூன்று பேரும் போனோம். போஸ்டரில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், அதை நம்பித்தான் போனோம்.

அந்தப் படத்தில் கதாநாயகனின் அம்மா வழுக்கி விழுந்து செத்துப்போகிறாள். அதுதான் நகைச்சுவை. சொத்துப் பத்திரத்தில் கைரேகை வாங்குவதற்காக அவள் சாகவில்லை என்று ஊரை நம்பவைக்கிறார்கள். பிணத்தை நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள், அது சரிகிறது, நிமிர்த்துகிறார்கள், திரும்பவும் சரிகிறது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. யாழினி எழுந்து வெளியே போய்விட்டாள். அண்ணன் பின்னாலேயே ஓடினார். சைக்கிள் ஸ்டாண்டில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். தலைவலி என்றாள்.

அன்றைக்கு அண்ணன் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் சொன்னார்.

"இனிமே எந்தப் படமா இருந்தாலும் நீ மொதல்ல பாத்துட்டு சொல்லு. அம்மா சாவாத படமா ஒண்ணு பாத்து சொல்லு. அதுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஒரே ஒரு படம்தானே, கிடைக்காமலா போகும் என்று தலையாட்டினேன். இப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

நீங்களும் நானும் எத்தனை படம் பார்த்திருப்போம் அண்ணி? ஒருநாளாவது இதை கவனித்தோமா? தமிழ் சினிமாவில் அம்மாக்களுக்கு ஆயுசே இல்லை. அடிதடிப் படம் என்று ஒன்றுக்குப் போனேன். கதாநாயகன் பெரிய ஆள், ஒரே உதையில் லாரி நகர்கிறது. அவன் அம்மாவை டைட்டில் போடுவதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். சரி, தொலைகிறது, முடிந்துவிட்டது என்று பார்த்தால், அவனுக்குக் கோபம் குறைகிறபோதெல்லாம் ஃபிளாஷ்பேக் வருகிறது. ஒவ்வொரு ஃபிளாஷ்பேக்கிலும் அவளைத் திரும்பத் திரும்ப வெட்டுகிறார்கள். பெற்றவள் உயிரோடு இருந்தால் அவன் ஒரு வேலையும் செய்யமாட்டானாமா?

பேய்ப் படம் இன்னும் மோசம். மற்ற படங்களிலாவது அம்மா கொஞ்ச நேரம் தோசை ஊற்றிவிட்டுச் சாகிறாள். பேய்ப் படத்தில் செத்த பிறகுதான் அவளுக்கு வேலையே ஆரம்பிக்கிறது. நான் பயப்படவே இல்லை. அந்தப் பேய் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்ய வருகிறது, அதற்கு ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து விரட்டுகிறார்கள். எனக்கு அந்த மந்திரவாதியை அறையவேண்டும்போல் இருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு பொண்ணு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பேய் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காதல் படத்தில் சாவுக் காட்சியே இல்லை. சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதாநாயகி வீட்டுக்கு வருகிறாள், விளக்கைப் போடுகிறாள், சுவரில் மாலை போட்ட போட்டோ. அம்மாவாம். அந்த அம்மாவுக்கு மகளைவிட வயது குறைவு. போட்டோவைச் சுற்றி சீரியல் பல்பு வேறு மின்னி மின்னி அணைகிறது. நம் வீட்டில் உங்கள் போட்டோவுக்கு அண்ணன் இன்னும் மாலைகூடப் போடவில்லை, பிளாஸ்டிக் மாலை வேண்டாம், பூ மாலை வாடுகிறது என்று சாக்குச் சொல்கிறார். அந்தக் கதாநாயகி அதன் முன்னால் நின்று ஒரு டூயட்டுக்குக் கிளம்புகிறாள்.

சின்னப் பிள்ளைகள் படமாவது நன்றாக இருக்கும் என்று ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போனேன். ஒரு குட்டி அணில். சுற்றிலும் எல்கேஜி பிள்ளைகள், பாப்கார்ன், பலூன். முதல் மழையிலேயே தாய் அணில் ஆற்றோடு போய்விட்டது. ஒரு அணிலைக்கூட விட்டுவைக்கமாட்டீர்களா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். தியேட்டரில் சத்தம் போடுகிற உங்கள் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விமர்சனத்தைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். பார்த்தேனே. முதல் பாதி இழுவை என்கிறான், கேமரா அருமை என்கிறான். அம்மா சாகிறாளா என்று ஒருத்தனும் சொல்வதில்லை. எங்கள் ஆபீசில் ஒரு தம்பி எல்லாப் படத்தையும் முதல் நாளே பார்க்கிறவன். ஒரு போலீஸ் படத்தைப் பற்றிக் கேட்டேன். சென்டிமென்ட் எல்லாம் ஒன்றும் இல்லை மேடம், ஜாலியாகப் போகும் என்றான். போய்ப் பார்த்தால் படம் ஆரம்பிப்பதே போஸ்ட்மார்ட்டம் மேசையில், மேசையில் கிடப்பது இரண்டு பிள்ளைகளின் அம்மா. திங்கட்கிழமை வந்து அவனைக் கேட்டால், "ஆமால்ல மேடம், அது எனக்கு ஞாபகமே இல்ல" என்கிறான். அவனைத் திட்டி என்ன செய்வது? நானும் போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் படம் பார்த்த அன்றெல்லாம் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அண்ணன் போன் செய்வார். "அம்மா இருக்காங்களா?" என்று கேட்பார். "இல்லண்ணா" என்பேன். "செரி" என்று வைத்துவிடுவார். வேறு ஒரு வார்த்தை கிடையாது. அவர் தன் பங்குக்கு, பஸ்ஸில் பாட்டுப் போடுகிற பென்டிரைவிலிருந்து அம்மா பாட்டுகளை எல்லாம் அழித்துவிட்டார் என்று கண்டக்டர் என்னிடம் சொன்னார். வீட்டில் டிவி ஓடும்போது ரிமோட் அவர் கையில்தான். சீரியலில் ஆஸ்பத்திரி வந்தால் உடனே சேனல் மாறிவிடும். நானும் ஞாயிற்றுக்கிழமை போனால் அதையேதான் செய்தேன். யாழினி மாறுகிற சேனலைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதற்கு நடுவில் வடலூர் சித்திக்கு யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். வருஷம் திரும்பவில்லை, அதற்குள் நாத்தனார்க்காரி வாரம் தவறாமல் சினிமா பார்க்கிறாள் என்று குமராட்சி வரைக்கும் பேச்சு. அங்கே உங்கள் பிறந்த வீட்டிலிருந்து போன் வந்தது. உங்கள் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, நல்லா இருக்கியா என்று மட்டும் கேட்டார். அதுதான் எனக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது. இன்ன காரணம் என்று சொல்லவும் முடியவில்லை, எப்படிச் சொல்வது?

ஒரு விஞ்ஞானப் படம் வந்தது. அதைப் பற்றி உங்களிடம் மட்டும்தான் சொல்லமுடியும். ஒரு பையன் காலத்தில் பின்னோக்கிப் போகிற மிஷின் கண்டுபிடிக்கிறான். எதற்கு? செத்துப்போன அம்மா கையால் ஒரு காபி குடிப்பதற்கு. குடிக்கிறான். அவளுக்கு அவன் யாரென்று தெரியவில்லை, யாரோ பக்கத்து வீட்டுத் தம்பி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா என்கிறாள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவ்வளவு கோபம் அண்ணி. அவன் கதை எழுதுகிறவன், அவனுக்கு மிஷின் கிடைக்கிறது. எனக்கு ஒரு காபிகூட வேண்டாம், நீங்கள் ஒரு நிமிஷம் எதிரில் உட்கார்ந்து, "கதை இல்லைன்னா என்ன, ஏசி நல்லா இருந்திச்சில்ல" என்று சொன்னால் போதும்.

நடுவில் ஒரு விருதுப் படமும் பார்த்தேன். ஒருத்தர் ஆடு மேய்க்கிறார். அவருக்கு அம்மா இருக்கிறாள், நடக்கிறாள், முறத்தில் எதையோ புடைக்கிறாள். அப்பாடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நிம்மதியிலேயே தூங்கிப்போனேன். விளக்குப் போட்டபோது பக்கத்து வரிசையில் இருந்தவரிடம் அந்த அம்மா சாகவில்லையே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அது பார்க்கிறவரின் மனதைப் பொறுத்தது என்றார். அண்ணன் போன் செய்தபோது முதல்முறையாக என்னால் பதில் சொல்லமுடியவில்லை.

கடைசியாகத்தான் அந்தக் குடும்பப் படம் வந்தது. ஊரே பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தது. அம்மா சாகிறாள் என்பது போஸ்டரிலேயே தெரிந்தது. அதற்கு ஏன் போனேன் என்றால், எந்தக் காட்சியில் மனசு உடைகிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டால், டிவியில் எப்போதாவது போடும்போது முன்கூட்டியே மாற்றலாமே என்று. எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு, சிதம்பரத்தில் மேட்னி ஷோவுக்குப் போனேன்.

மட்டமான படம் அண்ணி. ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததும் வயலின் ஆரம்பித்துவிட்டது. அம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் புத்தி சொல்கிறாள், சொல்லிமுடித்த பிறகு சாகிறாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அப்படியா நடந்தது? யார் கண்ணாடியைக் கழற்றினார்கள்? ஆதார் ஜெராக்ஸ் இன்னொரு காப்பி கேட்டார்கள், நான் ரோட்டைத் தாண்டி ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். யாழினி மட்டும்தான் பக்கத்தில். நீங்கள் அவளிடம் கடைசியாகக் கேட்டது, காஸ் புக் பண்ணியாச்சா என்று. இதை எந்தப் படத்தில் வைப்பான்?

அந்தக் காட்சியில் திரை முழுக்க வெள்ளைச் சுவர், வெள்ளைப் போர்வை. தியேட்டருக்குள் வெளிச்சம் வந்துவிட்டது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண் மடியில் காலேஜ் பையோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சின்ன அழுகை இல்லை. தோள் இரண்டும் குலுங்க, வாயைத் திறந்து, துப்பட்டாவால் மூடக்கூட நினைக்காமல் அழுதாள். பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள், தானும் அழுதுகொண்டே அவள் கையில் ஒரு கைக்குட்டையைத் திணித்தாள்.

நம் யாழினி.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். காலேஜைக் கட் அடித்துவிட்டா, யார் கூட்டிவந்தார்கள், இதைப் பார்க்கக்கூடாது என்றுதானே நாங்கள் இந்தப் பாடு படுகிறோம் என்றெல்லாம் தோன்றியது. எழுந்து போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவள் அழுத அழுகையைப் பார்த்து உட்கார்ந்தே இருந்துவிட்டேன். படம் முடிந்ததும் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள், ஓடவில்லை. முகம் வீங்கியிருந்தது. ஆனால் அந்த முகத்தில் பழைய யாழினி இருந்தாள். பசிக்கிறது என்றாள். தானாகப் பசிக்கிறது என்று அவள் சொல்லிக் கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது.

கீழவீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். பூரி சாப்பிட்டாள். இன்னொரு செட் கேட்டாள். இந்தப் படத்தை இது மூன்றாவது முறை பார்ப்பதாகச் சொன்னாள். அதற்கு முன்னால் அந்த அடிதடிப் படம், அதற்கும் முன்னால் பேய்ப் படம். நான் வேண்டாம் என்று தள்ளிய படங்களாகப் பார்த்துப் போயிருக்கிறாள். நான் போனில் சொல்வதை அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாராம், இவள் சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாளாம். அம்மா செத்துவிட்டாள் என்று நான் சொன்னதும், அடுத்த வாரம் எங்கே போவது என்று இவளுக்குத் தெரிந்துவிடும். இந்தப் படத்துக்கு மட்டும் போஸ்டரே போதுமாக இருந்ததாம்.

எனக்குப் புரியவில்லை அண்ணி. அன்றைக்கு அந்தச் சிரிப்புப் படத்தில் எழுந்து ஓடினாயே, தலைவலி என்றாயே என்று கேட்டேன்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க அத்த" என்றாள்.

கொஞ்ச நேரம் பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"வூட்ல அழுவ முடியல. நான் அழுதா அப்பா எழுந்து வெளிய போயிடுறாரு. நீங்க சேனல மாத்துறீங்க. இங்க அழுதா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. எல்லாரும்தான் அழுவுறாங்க."

சர்வர் பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அப்பாவிடம் சொல்லிவிடாதீங்க, காலேஜ் கட் அடித்தது தெரிந்தால் வருத்தப்படுவார் என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். ரயிலுக்கு அவளை அனுப்பிவிட்டு ஸ்டேஷனிலேயே நின்று நானும் அழுதேன். எங்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்தப் பிள்ளை மட்டும்தானே உங்கள் பக்கத்தில் இருந்தாள்? அவளுக்கு எதையும் காட்டக்கூடாது என்று வீட்டில் இருக்கிற பெரியவர்கள் இரண்டு பேரும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்கு அண்ணன் ராத்திரிவரை காத்திருக்காமல் சாயங்காலமே பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தார்.

"அம்மா இருக்காங்களா?"

"இல்லண்ணா. சாவுறாங்க. ஆஸ்பத்திரியிலதான். நல்லா நீட்டி முழக்கிக் காட்டுறான்."

"செரி" என்று வைக்கப்போனார். வைக்காதே என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை நாம மூணு பேரும் அந்தப் படத்துக்குத்தான் போறோம். நீயும் வர்ற. யாழு அழுதா அழுவட்டும். நீ எழுந்து போவக்கூடாது. உனக்கு அழுவ வந்தா நீயும் அங்கயே உக்காந்து அழுவு."

அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் யாரோ நெய்வேலி, நெய்வேலி என்று கூவுவது மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அப்புறம் கேட்டார்.

"எந்த ஷோவுக்கு?"

நாளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை அண்ணி. மேட்னிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. யாழினி நான்காவது முறையாக, இப்போதுதான் முதல்முறை பார்க்கிறவள் மாதிரி உட்காரவேண்டும். நான் அந்த வயலினை இன்னொரு தரம் பொறுத்துக்கொள்ளவேண்டும். வடலூர் சித்தி என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். இனிமேல் படத்தை முன்னாலேயே போய்ப் பார்க்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். உங்கள் மகள் எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் பக்கத்தில் உட்காருவேன், அவள் அழும்போது ஏன் என்று கேட்கமாட்டேன். அண்ணனையும் கேட்கமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் உங்களுக்கு இருந்த ஒரே நாத்தி,
யாழினியின் அத்தை,
சிதம்பரம்.